கடன் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

கல்யாணத்தோடு கதையை முடிப்பது நாடகத்தின் பழைய வழக்கம். தடைகள் விலகும், பெரியவர்கள் மனம் இரங்குவார்கள், காதலர்கள் கைகோப்பார்கள், திரை விழும். அதன் பிறகு அந்த வீட்டில் பணம் யார் கையில் இருந்தது, யார் பேச்சு எடுபட்டது, மனைவிக்கென்று என்ன மிஞ்சியது என்பதையெல்லாம் மேடை அதிகம் விசாரித்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் வளர்ந்த யதார்த்த நாடகம் அந்த விசாரணையைத்தான் கையில் எடுத்தது. நார்வேயின் ஹென்ரிக் இப்சன் 1879இல் வெளியிட்ட 'பொம்மை வீடு' நாடகத்தில், திரை உயரும்போதே நோராவுக்கும் டோர்வால்ட் ஹெல்மருக்கும் திருமணமாகி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள். அதே காலத்தில் ரஷ்யாவில் ஓஸ்திரோவ்ஸ்கி, நார்வேயில் பியோர்ன்சன், ஸ்வீடனில் ஸ்டிரிண்ட்பெர்க் ஆகியோரும் குடும்பத்தின் உள்ளறையை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இவர்களுக்குள் கருத்து ஒற்றுமை குறைவு. இப்சனும் ஸ்டிரிண்ட்பெர்க்கும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனாலும் இந்த நாடகங்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரே உண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. திருமணத்தைச் சிதைப்பது பெரும்பாலும் கெட்ட கணவனோ கெட்ட மனைவியோ இல்லை. சட்டமும் பணமும் அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேடங்கள்தான் அதைச் சிதைக்கின்றன.

'பொம்மை வீடு' என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அதன் கடைசி ஓசை: நோரா வெளியேறியதும் கீழே தெருக்கதவு சாத்தப்படும் சத்தம். அந்த ஓசையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், மனம் கசந்த ஒரு மனைவியின் கோபம்தான் நாடகம் என்று தோன்றும். உண்மையில் அந்தக் கதவை நோக்கி அவளைத் தள்ளியது முதல் அங்கத்திலேயே வந்துவிடும் ஒரு கடன் பத்திரம். திருமணமான புதிதில் ஹெல்மர் கடுமையாக நோய்வாய்ப்படுகிறார். தெற்கே வெப்பமான நாட்டுக்கு அழைத்துப் போகாவிட்டால் உயிர் பிழைப்பது கடினம் என்று மருத்துவர்கள் நோராவிடம் சொல்கிறார்கள். அதைக் கணவரிடம் மறைக்கவும் சொல்கிறார்கள். கடன் வாங்குவது ஹெல்மருக்கு அறவே ஆகாது. அதனால் நோரா க்ரோக்ஸ்டாட் என்னும் வழக்கறிஞரிடம் ரகசியமாக 4800 குரோனர் கடன் வாங்கி, கணவரை இத்தாலிக்கு அழைத்துச் சென்று காப்பாற்றுகிறாள். பணம் தன் தந்தை கொடுத்தது என்று கணவரிடம் சொல்லிவிடுகிறாள். பத்திரத்தில் பிணையாளராகத் தந்தையின் கையெழுத்து வேண்டும். தந்தையோ மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் அவர் பெயரை நோராவே எழுதிவிடுகிறாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதி அக்டோபர் 2. அந்த மூன்று நாள் இடைவெளிதான் க்ரோக்ஸ்டாடின் கையில் கிடைத்த ஆயுதம்.

நோரா ஏன் தன் பெயரில் நேராகக் கடன் வாங்கவில்லை? இந்தக் கேள்விக்கான பதிலை இப்சன் கிறிஸ்டினா லிண்டே என்னும் தோழியின் வாயில் போகிற போக்கில் வைத்துவிடுகிறார்: கணவனின் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாதே என்று அவள் வியக்கிறாள். அன்றைய பார்வையாளர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நார்வேயில் 1845ஆம் ஆண்டுச் சட்டம் 25 வயதான மணமாகாத பெண்ணுக்குத் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது. 1863இல் அவளுடைய சட்ட வயது ஆண்களுக்கு இணையாக்கப்பட்டது. கணவனை இழந்தவளும் தன் பெயரில் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மணமானவளுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. அவள் சட்டப்படி கணவனின் பாதுகாப்பில் இருப்பவள். ஆக, மணமேடை ஏறும் வரை முழு மனுஷியாக இருந்தவள், இறங்கும்போது பாதியாகிவிடுகிறாள். நோராவும் கிறிஸ்டினாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சியில் இது கண்முன்னே தெரிகிறது. வசதியான வீட்டின் எஜமானியால் ஒரு பத்திரத்தில் செல்லுபடியாகும் கையெழுத்துப் போட முடியாது. கையில் காசில்லாமல் வேலை தேடி வந்திருக்கும் விதவையால் முடியும். பாதுகாப்பு என்ற பெயரில் பெண் எதை விலையாகக் கொடுத்தாள் என்பதைச் சட்டப் புத்தகத்தைவிட இந்த ஒரு காட்சி தெளிவாகச் சொல்கிறது.

அந்தக் கடனை நோரா அடைத்த விதமும் கவனிக்க வேண்டியது. வீட்டுச் செலவுப் பணத்தில் கை வைத்தால் கணவரின் சாப்பாடும் குழந்தைகளின் உடையும் குறைந்துபோகும். அதனால் தன் துணிமணிக்குத் தரும் பணத்தில் பாதிக்கு மேல் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கிறாள். முந்தைய குளிர்காலத்தில் ஆவணங்களைப் படியெடுக்கும் வேலை கிடைக்கிறது. மாலைதோறும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு இரவு வெகுநேரம் வரை எழுதுகிறாள். களைப்பாக இருந்தாலும், உட்கார்ந்து உழைத்துச் சம்பாதிப்பதில் ஒரு இன்பம் இருந்தது, ஏறக்குறைய ஓர் ஆணைப் போல உணர்ந்தேன் என்று தோழியிடம் சொல்கிறாள். நாடகத்திலேயே அவள் முகம் உண்மையாக மலரும் இடங்களில் இது ஒன்று. ஆனால் கணவருக்கு அவள் ஊதாரி. காசின் அருமை தெரியாத சின்னப் பறவை. பல் கெட்டுவிடும் என்பதற்காக மக்ரூன் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தின்ன வேண்டிய குழந்தை. வீட்டுத் தபால் பெட்டியின் சாவி கணவரிடம் மட்டுமே இருக்கிறது. தன் குற்றத்தை அம்பலப்படுத்தும் கடிதம் கண்ணாடிக்குள் கிடப்பதை நோரா பார்க்கிறாள், எடுக்க முடியவில்லை. மூன்றாம் அங்கத்தில் ஹெல்மர் பெட்டியைத் திறக்கும்போது பூட்டுக்குள் உடைந்த கொண்டை ஊசி ஒன்று கிடக்கிறது. சொந்த வீட்டின் கடிதப் பெட்டியைத் திருடனைப் போல நெம்பிப் பார்க்க வேண்டிய நிலையில் அந்த வீட்டின் தலைவி இருந்தாள் என்பதற்கு அந்த ஊசியே சாட்சி.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஹெல்மர் போன்ற சுயநலக்காரரை நடுவில் நிறுத்திவிட்டுத் திருமணம் என்ற ஏற்பாட்டையே குறை சொல்வது சரியா? நல்ல கணவன் வாய்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காதே? ஆனால் ஹெல்மர் கெட்டவர் என்பதற்கு நாடகத்தில் ஆதாரம் தேடினால் அதிகம் கிடைக்காது. அவர் குடிகாரர் இல்லை, மனைவியை அடிப்பதில்லை, அவளை ஏமாற்றுவதில்லை. நேர்மையாக உழைத்து வங்கியின் மேலாளர் பதவிக்கு உயர்ந்தவர். மனைவியிடம் தனக்குத் தெரிந்த வகையில் அன்பாகவே இருக்கிறார். அவருக்கும் ஒரு வேடம் கொடுக்கப்பட்டிருக்கிறது: வீட்டில் எல்லாம் தெரிந்தவர், யாருக்கும் கடன்படாதவர், ஊரார் முன் தலை குனியாதவர். அந்த வேடத்துக்கு ஆபத்து வரும் கணத்தில்தான் அவர் உடைகிறார். க்ரோக்ஸ்டாடின் கடிதத்தைப் படித்ததும், உயிரைக் காத்த மனைவியை அவர் பொய்க்காரி, குற்றவாளி என்று ஏசுகிறார். குழந்தைகளை இனி அவளிடம் ஒப்படைக்க முடியாது, ஆனால் ஊருக்காக அவள் வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார். சற்று நேரத்தில் இன்னொரு கடிதம் வருகிறது. கடன் பத்திரம் திரும்பி வந்துவிட்டது. முதலில் அவர் வாயிலிருந்து வருவது தான் பிழைத்துவிட்டேன் என்ற கூவல். பிறகு, பெருந்தன்மையோடு அவளை மன்னித்தும் விடுகிறார். நல்ல மனிதர் ஒருவரையே இப்படிப் பேசவைக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு இருக்கிறது. இப்சன் ஹெல்மரைக் கொடியவராகப் படைத்திருந்தால் நாம் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

இது எழுத்தாளரின் கற்பனை என்று ஒதுக்கவும் வழியில்லை. இப்சனுக்குத் தெரிந்த லௌரா கீலர் என்ற எழுத்தாளரின் வாழ்க்கையில் இதைவிடக் கொடுமையாகவே நடந்தது. அவருடைய கணவருக்குக் காசநோய். சிகிச்சைக்காகத் தெற்கே செல்ல லௌரா கணவருக்குத் தெரியாமல் கடன் வாங்கினார். கடனை அடைக்க 1878இல் அவசரமாக ஒரு நூலை எழுதி, பதிப்பாளரிடம் பரிந்துரைக்கும்படி இப்சனுக்கு அனுப்பினார். எழுத்துத் தரமாக இல்லை என்று இப்சன் மறுத்துவிட்டார். நெருக்கடியில் லௌரா கையெழுத்து மோசடி வரை போனார். விவரம் தெரிந்ததும் கணவர் அவரைக் குழந்தைகளிடமிருந்து பிரித்தார். லௌரா சில காலம் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். பிற்பாடு பிள்ளைகளுக்காக அதே வீட்டுக்குத் திரும்பினார். மேடை நோராவால் கதவைத் திறந்துகொண்டு போக முடிந்தது. உண்மையான நோராவைக் கணவரின் வார்த்தையால் ஒரு காப்பகத்துக்குள் தள்ள முடிந்தது. ஊர் முழுக்கத் தன்னை அந்தப் பாத்திரத்தோடு அடையாளம் காட்டியது லௌராவை நெடுங்காலம் வருத்தியது. அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது. அவர் பட்ட பாட்டை நாடகமாக்கிப் புகழ் பெற்றவர், தேவைப்பட்ட நேரத்தில் உதவவில்லை. இதைச் சொல்லாமல் இப்சனைப் புகழ்வது நேர்மையாகாது.

மோசடி மோசடிதானே, நோக்கம் நல்லது என்பதற்காகக் குற்றம் இல்லையென்று ஆகிவிடுமா என்றும் கேட்கலாம். நாடகமும் அதைக் குற்றமில்லை என்று சொல்லவில்லை. சட்டம் நோக்கத்தைப் பார்ப்பதில்லை என்று க்ரோக்ஸ்டாட் எச்சரிக்கும்போது, அப்படியானால் அது மோசமான சட்டம் என்று நோரா சொல்வது அவளுடைய அறியாமை. அந்த அறியாமையைக் கடைசியில் அவளே ஒப்புக்கொள்கிறாள். தான் உலகத்தைப் பற்றி எதுவும் கற்கவில்லை, முதலில் கற்க வேண்டும் என்பதுதான் அவள் வீட்டை விட்டுப் போவதற்குச் சொல்லும் காரணம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கடன் வாங்க வரும்போது அவளை முழு மனுஷியாக ஏற்காத அதே சட்டம், தண்டிக்க வரும்போது மட்டும் முழு மனுஷியாக ஏற்றுக்கொள்கிறது. உரிமைக்குக் குழந்தை, குற்றத்துக்குப் பெரியவள். ஹெல்மரே முதல் அங்கத்தில் ஓர் உபதேசம் செய்கிறார்: இளவயதில் கெட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்லும் தாய்மார்களின் பிள்ளைகள் என்று. வீட்டின் ஒழுக்கத்துக்கு முழுப் பொறுப்பும் தாய்க்கு. வீட்டின் தபால் பெட்டிச் சாவிகூட அவளுக்கு இல்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் பொறுப்பை மட்டும் சுமத்தினால், கெட்டிக்காரி ஒருத்தி பொய்யைத்தான் கருவியாக எடுப்பாள். நோராவின் பொய் அவள் குணத்திலிருந்து முளைத்தது என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் அவளுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை.

எல்லா ஆட்சேபங்களிலும் வலுவானது குழந்தைகளைப் பற்றியது. கணவனை விட்டுப் போவதற்குக் காரணம் இருக்கலாம், பெற்ற பிள்ளைகளை விட்டுப் போவாளா? 1879 டிசம்பரில் புத்தகம் வெளிவந்து, கோபன்ஹேகனின் அரச அரங்கில் நாடகம் மேடையேறிய நாளிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, தான் ஒருபோதும் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லி அந்த முடிவில் நடிக்க மறுத்தார். பிறர் கண்டபடி மாற்றுவதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று இப்சன் இன்னொரு முடிவை எழுதிக் கொடுத்தார்: ஹெல்மர் நோராவைக் குழந்தைகளின் அறை வாசலுக்கு இழுத்துச் செல்கிறார், அவள் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிடுகிறாள். அந்த முடிவை நாடகத்தின் மீதான காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே பின்னர் கண்டித்தார். இந்த ஆட்சேபத்துக்கான பதில் நாடகத்துக்குள்ளேயே, பலரும் கவனிக்காத ஒரு சிறு பாத்திரத்தில் இருக்கிறது. நோராவை வளர்த்த செவிலி ஆன்-மரீதான் இப்போது அவள் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறாள். ஏமாற்றப்பட்ட ஏழைப்பெண் அவள். நோராவுக்குப் பாலூட்டும் வேலைக்கு வருவதற்காகத் தான் பெற்ற மகளை அந்நியர்களிடம் விட்டுவிட்டு வந்தவள். எப்படி மனம் வந்தது என்று நோரா கேட்க, வேறு வழியில்லை என்கிறாள். அந்த மகள் தாய்க்கு எழுதிய கடிதங்கள் இரண்டே இரண்டு: ஒன்று அவளுடைய மதச்சடங்கின்போது, மற்றொன்று அவள் திருமணத்தின்போது. நோரா பிள்ளைகளை விட்டுப் போவதைக் கண்டு கொதித்த ஊர், ஆன்-மரீயின் இழப்பைக் கவனிக்கவேயில்லை. பணக்கார வீட்டுக் குழந்தைக்காக ஏழைத்தாய் தன் குழந்தையைப் பிரிந்தால் அதற்குப் பெயர் வேலை. ஆகவே தாய்மை பற்றி எழுந்த அந்தக் கூக்குரலில் குழந்தைகள் மீதான அக்கறையைவிட வீட்டின் ஒழுங்கைக் காக்கும் பதற்றமே அதிகம்.

போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் இப்சனே விடை எழுதினார். 1881இல் வந்த 'ஆவிகள்' நாடகத்தின் நாயகி திருமதி ஆல்விங், மணமான முதல் ஆண்டிலேயே ஒழுக்கம் கெட்ட கணவனை விட்டு ஓடிப் பாதிரியார் மாண்டர்ஸிடம் தஞ்சம் புகுந்தவள். மனைவியின் கடமையை எடுத்துச் சொல்லி அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவளும் திரும்பி வந்து, ஊர் மெச்சும்படி எல்லாவற்றையும் மறைக்கிறாள். தோட்டம் துரவைத் தானே நிர்வகித்துப் பெருக்குகிறாள். பெருமை கணவனுக்குப் போகிறது. கணவன் இறந்த பிறகு அவன் பெயரில் ஓர் அநாதை இல்லம் கட்டுகிறாள். அதற்குச் செலவிட்ட தொகை எவ்வளவு என்று அவள் பாதிரியாரிடம் சொல்லும் இடம் உடலைச் சிலிர்க்கவைப்பது: அன்று ஆல்விங்கை நல்ல வரனாகக் காட்டிய சொத்தின் மதிப்பு எவ்வளவோ அதே தொகை. தன்னை வாங்கிய விலை அது. அந்தப் பணத்தில் ஒரு காசும் மகனுக்குப் போகக் கூடாது என்கிறாள். அதே வீட்டில், கணவனால் கர்ப்பமான வேலைக்காரியை 300 டேலர் பணத்துக்காக மணந்துகொண்ட தச்சன் ஒருவனும் வருகிறான். கெட்டுப்போன பெண்ணைப் பணத்துக்காகக் கட்டினானே என்று பாதிரியார் பதறும்போது, கெட்டுப்போன ஆணை நானும் கட்டினேனே என்று திருமதி ஆல்விங் கேட்கிறாள். மகனோ தந்தை வழி வந்த நோயோடு வீடு திரும்பியிருக்கிறான். கடமைக்காகத் தங்கியவளால் காப்பாற்ற முடியாமல்போனது அந்த மகனைத்தான். ஐரோப்பிய அரங்குகள் இந்த நாடகத்தை ஏற்க அஞ்சின. 1882இல் அது முதன்முதலாக மேடையேறியது அமெரிக்காவின் சிகாகோவில்.

ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்ற அதே கேள்வியை 1883இல் பியோர்ன்சன் 'கையுறை' நாடகத்தில் நேரடியாகக் கேட்டார். மணமாகும் முன் பெண்ணிடம் எதிர்பார்க்கும் தூய்மையை அவளும் ஆணிடம் எதிர்பார்க்கலாமா என்பதே அதன் பொருள். தான் மணக்கவிருந்தவனின் பழைய உறவு தெரியவந்ததும் நாயகி ஸ்வாவா தன் கையுறையை அவன் முகத்தில் வீசுகிறாள். இந்த நாடகம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல ஆண்டுகள் நீடித்த பெரிய விவாதத்தைக் கிளப்பியது. ஆனால் சட்டத்தைக் காரணமாகக் காட்டும் என் வாதத்துக்கு ரஷ்யா ஒரு கடினமான சோதனை. அங்கே 1753இலிருந்தே மணமான பெண் தன் பெயரில் தனிச்சொத்து வைத்துக்கொள்ளலாம். மேற்கு ஐரோப்பியப் பெண்களுக்கு அப்போது கனவிலும் இல்லாத உரிமை அது. அப்படியிருந்தும் ஓஸ்திரோவ்ஸ்கியின் பெண்கள் ஏன் மூச்சுத் திணறுகிறார்கள்? 1878இல் மேடையேறிய 'வரதட்சணை இல்லாதவள்' நாடகத்தின் லாரிசாவிடம் சொத்தே இல்லை. இல்லாத சொத்துக்கு உரிமை இருந்து என்ன பயன்? அவளைப் பாரிசுக்கு அழைத்துப் போவது யார் என்று இரண்டு வணிகர்கள் நாணயத்தைச் சுண்டித் தீர்மானிக்கிறார்கள். 1859இல் வந்த 'புயல்' நாடகத்தில், பயணம் புறப்படும் மகன் தன் மனைவி காத்தரீனாவுக்கு என்னென்ன கட்டளை இட வேண்டும் என்று மாமியார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அவன் கூசிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்கிறான். கணவன் வேடம் என்பது பிறர் எழுதிக் கொடுத்த வசனம் என்பதை இதைவிட வெளிப்படையாகக் காட்ட முடியாது. ஆக, ரஷ்ய உதாரணம் வாதத்தை முறிக்கவில்லை, அதைத் திருத்துகிறது. சட்டத்தில் உரிமை, கையில் பணம், வீட்டில் மதிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பெண்ணுக்கு விடுதலை. ஒன்று மட்டும் வந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதை விழுங்கிவிடும்.

இந்த அணிக்கு நேர் எதிரே நின்றவர் ஸ்டிரிண்ட்பெர்க். 1884இல் வெளியிட்ட 'திருமணம்' என்ற கதைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் 'பொம்மை வீடு' நாடகத்தைக் கடுமையாகச் சாடினார். நோரா பொய் சொன்னவள், ஹெல்மருக்கு அநீதி செய்யப்பட்டிருக்கிறது என்பது அவர் கட்சி. ஆனால் அதே முன்னுரையில் பெண்ணுக்குச் சமமான கல்வியும் வாக்குரிமையும் வேண்டும் என்றும் அவரே எழுதினார். 1887இல் வந்த அவருடைய 'தந்தை' நாடகம் பெண்ணுக்கு எதிரான குற்றப்பத்திரிகை என்றே பலரும் சொல்கிறார்கள். குதிரைப்படைத் தளபதி ஒருவருக்கும் மனைவி லௌராவுக்கும் மகளின் படிப்பைப் பற்றிச் சண்டை. மகள் நகரத்துக்குப் போய் ஆசிரியையாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை முழுக்கத் தந்தையுடையது. மணமானபோதே மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்தாயிற்று என்று அவர் சொல்கிறார். லௌரா தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதத்தை எடுக்கிறாள்: குழந்தை அவருடையதுதானா என்ற சந்தேகத்தை மெதுவாக விதைக்கிறாள்; அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மருத்துவரை நம்பவைக்கிறாள். கடைசியில் அவரை வளர்த்த கிழச்செவிலியே கொஞ்சிப் பேசியபடி பைத்தியக்காரர்களுக்கு மாட்டும் சட்டையை அவருக்கு மாட்டிவிடுகிறாள். லௌரா கொடியவள்தான். ஆனால் அந்தக் கொடுமைக்கு வழி திறந்தது எது? மகளைப் பற்றிய முடிவில் தாய்க்கும் பாதி உரிமை இருந்திருந்தால் தந்தைமையைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கும் தேவையே எழுந்திருக்காது. ஆணின் தரப்பைப் பேச எழுதப்பட்ட நாடகம், ஒருவருக்கே முழு அதிகாரம் தரும் ஏற்பாடு அந்த ஒருவரையும் அழித்துவிடும் என்பதை நிரூபித்து முடிகிறது. இப்சனின் எதிரி தன்னை அறியாமலே இப்சனுக்குச் சாட்சி சொன்னார்.

இப்சனே பெண்ணுரிமைக்காக எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறாரே என்பது அறிஞர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம். 1898இல் நார்வே பெண்ணுரிமைச் சங்கம் அளித்த விருந்தில், தான் அந்த இயக்கத்துக்காகத் திட்டமிட்டு உழைத்ததாகப் பெருமை கொள்ள முடியாது, தன் வேலை மனிதர்களைச் சித்திரிப்பது என்று அவர் பேசியது உண்மை. ஆனால் 'பொம்மை வீடு' எழுதும் முன் 1878இல் ரோமில் அவர் எழுதிவைத்த குறிப்புகளில் வேறொரு குரல் கேட்கிறது. இன்றைய சமூகம் ஆண்களால் ஆனது, சட்டங்கள் ஆண்கள் இயற்றியவை, பெண்ணின் செயலை ஆணின் பார்வையிலேயே நீதி அளக்கிறது, அதில் ஒரு பெண் தானாக இருக்க இயலாது என்று அவர் அங்கே எழுதினார். 1884இல் மணமான பெண்களுக்குத் தனிச்சொத்துரிமை கேட்டு நார்வே நாடாளுமன்றத்துக்குச் சென்ற விண்ணப்பத்தில் பியோர்ன்சன் முதலிய எழுத்தாளர்களோடு அவரும் கையெழுத்திட்டார். இயக்கத்தின் ஊழியன் என்ற பெயரை அவர் மறுத்தார். பெண் முதலில் ஒரு மனித உயிர் என்ற கொள்கையை மறுக்கவில்லை. அவர் திருமணத்துக்கே எதிரி என்பதும் தவறு. நோரா வீட்டை விட்டுப் போகும் அதே இரவில் கிறிஸ்டினாவும் க்ரோக்ஸ்டாடும் சேர்ந்து வாழ முடிவெடுக்கிறார்கள். தாய்க்காகவும் தம்பிகளுக்காகவும் ஒருமுறை பணத்துக்கு வாழ்க்கைப்பட்டவள், இப்போது தன் உழைப்பும் தன் பெயரும் கையில் இருக்க, எல்லாம் தெரிந்தே ஒருவனைத் தேர்ந்தெடுக்கிறாள். ஒருவரிடம் ஒருவர் மறைக்க எதுவும் இல்லாத இடத்தில் திருமணம் தழைக்கும் என்பது நாடகம் சொல்லும் நம்பிக்கை.

இந்த நாடகங்களால்தான் சட்டம் மாறியது என்று சொல்வது மிகை. பெண்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள், எழுதினார்கள், விண்ணப்பித்தார்கள். நாடகம் அந்தப் பேச்சை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுபோனது. 1888இல் நார்வேயின் மணமான பெண்களுக்குச் சட்டத்தில் முழு வயது கிடைத்தது. சொந்தச் சம்பாத்தியம் அவர்கள் கைக்கு வந்தது. பொதுச் சொத்தின் நிர்வாகம் மட்டும் கணவனிடமே தங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து இப்சன் 'ஹெடா காப்ளர்' எழுதினார். இருபத்தொன்பது வயது ஹெடா எந்தப் பத்திரத்திலும் பொய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அவளிடம் அறிவும் துணிவும் இருக்கின்றன. அவற்றைச் செலவிட மனைவி, தாய் என்ற இரண்டு வேடங்களைத் தவிர இடமில்லை. அந்த வெறுமை அவளைப் பிறர் வாழ்க்கையோடு விளையாட வைக்கிறது, கடைசியில் தந்தையின் கைத்துப்பாக்கியால் அவளையே முடித்துவிடுகிறது. சட்டத்தின் ஒரு பக்கம் திருந்திய பிறகும் வேடங்கள் அப்படியே நின்றன என்பதற்கு ஹெடா சாட்சி. பொதுச் சொத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை தரும் சட்டம் நார்வேயில் வந்தது 1927இல். இப்சன் இறந்து 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நாடகங்களைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணவன் நல்லவனா, மனைவி செய்தது சரியா என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்த வீட்டில் யார் கையெழுத்து செல்லும், யார் சம்பாத்தியம் யார் கையில் சேரும், குழந்தையைப் பற்றிய முடிவை யார் எடுப்பது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். அவற்றுக்கு இருவர் பெயரும் விடையாக வராத வீட்டில், எவ்வளவு அன்பு இருந்தாலும் அது ஒருவர் மற்றவருக்கு இடும் தயவாகவே இருக்கும்.